காரமடையில் இறங்கினேன்

கோவை ஜங்ஷனில் மேட்டுப்பாளையம் மெமு ரயில் கிளம்பும்போதே பெட்டியில் பாதிப் பேர் மனசளவில் ஊட்டிக்குப் போய்விடுகிறார்கள். எனக்கு எதிரில் உட்கார்ந்திருந்த சென்னைக் குடும்பம் அப்போதே ஸ்வெட்டரைக் கையில் எடுத்து வைத்திருந்தது. “நீங்களும் ஊட்டிதானே சார்?” என்றார் குடும்பத் தலைவர். “இல்லைங்க, காரமடை” என்றேன். “அங்க என்ன சார் இருக்கு?” என்று கேட்டார். கிண்டல் இல்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. பிறந்ததிலிருந்து கோவையில் இருக்கிறேன். இந்தத் தடத்தில் எத்தனை தடவை போயிருப்பேன் என்று கணக்கில்லை. ஒரு தடவைகூட காரமடையில் இறங்கியதில்லை.

துடியலூர் போய், பெரியநாயக்கன்பாளையம் வந்தது. 1934-இல் காந்தி வந்து அடிக்கல் நாட்டிய ராமகிருஷ்ண மிஷன் வித்யாலயம் இந்த ஊரில்தான் இருக்கிறது. அவினாசிலிங்கம் தொடங்கிய நிறுவனம். அதைத் தாண்டியதும் இடப்பக்கம் மலை நெருங்கி வந்து, ரயிலோடு கூடவே நடக்கத் தொடங்குகிறது. மில்லும் பட்டறையும் குறைந்து, தென்னையும் வாழையும் தெரிய ஆரம்பிக்கும்போது காரமடை வந்துவிடுகிறது. கோவையிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர். இன்னும் எட்டு கிலோமீட்டர் போனால் மேட்டுப்பாளையம், அதற்கப்புறம் மலை. நான் இறங்கினேன். சென்னைக் குடும்பம் ஜன்னல் வழியாகக் கையாட்டிவிட்டுப் போனது.

ஊரின் பெயரை இரண்டாகப் பிரித்துக் காட்டாத ஆள் காரமடையில் இல்லை. காரை ஒன்று, மடை ஒன்று. காரை முள்ளுள்ள குட்டை மரம். வானம் பார்த்த பூமியில் தானாக முளைக்கும். அதன் பழத்தைப் பறித்துத் தின்னாத கிராமத்துப் பிள்ளைகள் அந்தக் காலத்தில் கிடையாது. மடை என்பது குளத்துத் தண்ணீரை வயலுக்குத் திறந்துவிடும் வாய். வறட்சியின் அடையாளமும் தண்ணீரின் அடையாளமும் ஒரே பெயரில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. இரண்டு நாள் சுற்றி முடித்தபோது, ஊரின் சரித்திரமே இந்த இரண்டு சொல்லுக்குள்தான் இருக்கிறது என்று எனக்குப் பட்டது.

ஸ்டேஷனிலிருந்து அரங்கநாதர் கோயிலுக்கு நடந்தே போய்விடலாம். வைணவக் கோயில் என்றதும் பாம்பணையில் பள்ளிகொண்ட பெருமாளை மனதில் வைத்துக்கொண்டு போனால் இங்கே ஏமாந்துபோவோம். இது சுயம்பு. உளி படாத கல். காரை மரங்கள் அடர்ந்த காட்டில் ஒரு பசு தினமும் ஒரு புதருக்குப் பக்கத்தில் நின்று தானாகப் பால் சொரிந்தது, மேய்த்தவன் புதரை வெட்டிப் பார்த்தான், கல்லிலிருந்து ரத்தம் வந்தது என்பது தலபுராணம். தமிழ்நாட்டில் இந்தக் கதை பல ஊர்களில் உண்டு. ஆனால் பெரும்பாலும் அது சிவலிங்கத்தின் கதையாக இருக்கும். இங்கே பெருமாளின் கதை. மாடு மேய்க்கிறவன் கண்டெடுத்த சாமி என்பதால்தானோ என்னவோ, கோயிலின் பழக்கங்களும் ஆகமப் புத்தகத்துக்குள் அடங்காமல் இருக்கின்றன. தலையில் சடாரி வைப்பார்கள் என்று குனிந்தால், அதற்குப் பதிலாக ராமபாணத்தை வைத்து ஆசி தருகிறார்கள்.

பிராகாரத்தில் திருமண் இட்ட பெரியவர் ஒருவர் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். “மாசி மகத்துக்கு வரோணும் தம்பி. இப்ப வந்து என்னத்தப் பாக்கறீங்க?” என்றார். தேர்த்திருவிழாவைப் பற்றி நான் கேட்காமலே சொல்ல ஆரம்பித்தார். அவரும் ஒரு தாசர். இங்கே தாசர் என்பது பிறப்பால் வருவது மட்டுமில்லை. பெருமாளுக்கு வேண்டிக்கொண்டு, திருமண் இட்டு, திருவிழா நாட்களில் தாசராகிச் சேவை செய்கிறவர்கள் ஏராளம். அவர்கள் கூட்டம் கூட்டமாக வரும்போது “ரங்கா பராக், கோவிந்தா பராக்” என்ற முழக்கத்தில் ரத வீதி அதிருமாம்.

மூன்று சேவைகள் முக்கியம். தீப்பந்தங்களைக் கையில் ஏந்தி ஆடிவரும் பந்த சேவை. பழமும் சர்க்கரையும் படைத்துத் தாசர்களை உபசரிக்கும் கவாள சேவை. மூன்றாவது, தோல் பையில் தண்ணீர் சுமந்து வந்து பெருமாளுக்கு அர்ப்பணிக்கும் தண்ணீர் சேவை. வேறு ஊர்களில் பொன்னும் பட்டும் பாலும் கொடுப்பார்கள். காரை முளைக்கிற பூமியில் பிறந்தவன் சாமிக்குக் கொடுக்கத் தன்னிடம் இருப்பதிலேயே விலைமதிப்பானது எதுவென்று யோசித்திருக்கிறான். ஒரு பை தண்ணீர் என்று முடிவு செய்திருக்கிறான். “கெணத்துல சேந்தி, தோல்பையில கொண்டாந்து ஊத்துவோமுங். அப்பத்தான் மழ வரும்னு பெரியவங்க சொல்லுவாங்க” என்றார் தாசர்.

தேருக்கு முன்னால் கல்யாணம். அந்தக் கல்யாணத்துக்கு முன்னால் பெட்டத்தம்மன் அழைப்பு. பெட்டத்தம்மன் இருப்பது மலையில். அங்கே போய் அம்மனை அழைத்து, மேளதாளத்தோடு கீழே கூட்டி வந்து, பெருமாளுக்குக் கல்யாணம் செய்து வைக்கிறார்கள். அதன் பிறகுதான் தேர் நகரும். மாப்பிள்ளை சமவெளி, பெண் மலை. இந்த உறவுமுறையை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். காரமடைக்கு வருகிற எல்லாமே மலையிலிருந்து இறங்கித்தான் வருகின்றன.

பெட்ட என்றால் கன்னடத்தில் மலை. அம்மன் பெயருக்குள் கன்னடம் எப்படி நுழைந்தது என்று கேட்டால், நுழையவே இல்லை, அது முதலிலிருந்தே இங்குதான் இருந்தது என்று சிரிக்கிறார்கள். காரமடை, சிறுமுகை வட்டாரத்துப் பல ஊர்களில் ஒக்கலிகக் கவுண்டர்களுக்கும் தேவாங்கர்களுக்கும் வீட்டுக்குள் கன்னடம், வாசலைத் தாண்டினால் கொங்குத் தமிழ். கொங்கு நாட்டின் பெரும்பகுதி 17-ஆம் நூற்றாண்டிலிருந்து மெல்ல மெல்ல மைசூர் அரசின் கைக்குப் போனது. 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு வீழ்ந்த பிறகுதான் கும்பினியிடம் வந்து சேர்ந்தது. அரங்கநாதர் கோயிலுக்கு அருகிலேயே நஞ்சுண்டேஸ்வரர் கோயிலும் இருக்கிறது. மைசூருக்கு ஒரு பக்கம் ஸ்ரீரங்கப்பட்டணத்து ரங்கநாதர், இன்னொரு பக்கம் நஞ்சன்கூட்டு நஞ்சுண்டேஸ்வரர். காரமடையிலும் அதே பெயர்களில் அதே இருவர் பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்களாகக் குடியிருக்கிறார்கள். கல்வெட்டு ஆராய்ச்சி செய்து சொல்லவில்லை. இரண்டு கோயிலுக்கும் நடுவில் நின்று பார்த்தபோது தோன்றியது, அவ்வளவுதான்.

அன்று இரவு தங்கியது நண்பர் ஒருவரின் தோட்டத்துச் சாளையில். கொங்கு நாட்டில் சாளை என்றால் தோட்டத்துக்கு நடுவே கட்டிய வீடு. ஊருக்குள் வீடு இருந்தாலும் மனசு இருப்பது சாளையில்தான். நண்பர் பைக்கை நிறுத்தியதும் என்னை முதலில் வரவேற்றது வாசனை. காற்றடித்தால் ரசத்துக்குத் தாளித்த மாதிரி மணக்கிறது. சுற்றிலும் இடுப்பளவுக்குக் கறிவேப்பிலை.

நம் வீட்டுக் கொல்லையில் ஒரு மரமாக நிற்கிற கறிவேப்பிலை இங்கே ஏக்கர் கணக்கில் நெல் மாதிரி விளைகிறது. செங்காம்பு என்று ஒரு ரகம். காம்பில் சிவப்பு ஓடும், வாசனை தூக்கலாக இருக்கும். நட்டு ஏறக்குறைய ஒரு வருஷத்தில் முதல் அறுப்பு. அதன் பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை அடியோடு அறுக்கலாம், மறுபடி தழைக்கும். ஒருமுறை நட்டால் பதினைந்து இருபது வருஷம் பலன் தரும். அறுத்துக் கட்டி லாரியில் ஏற்றினால், பெரும்பகுதி பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கேரளாவுக்குப் போகிறது. அங்கிருந்து விமானமேறிப் போவதும் உண்டு. ஐரோப்பிய நாடுகள் இந்தியக் கறிவேப்பிலையைப் பூச்சிமருந்து எச்சம் பார்த்துத்தான் உள்ளே விடுகின்றன. “நாம குழம்புல போட்டு எடுத்து வீசறத, அவங்க மிஷின்ல வெச்சுப் பாக்கறாங்க” என்றார் நண்பரின் தந்தை. “அதுவும் நல்லதுக்குத்தான். நாங்களும் மருந்தக் கொறச்சுட்டோமுங்.”

நண்பரின் அம்மா அரிசிம்பருப்புச் சாதமும் ஒப்புட்டும் செய்திருந்தார். மற்ற ஊர்களில் போளி என்பது கொங்கில் ஒப்புட்டு, மைசூரில் ஒப்பட்டு. எல்லை எங்கே இருக்கிறது என்று தட்டைப் பார்த்தால் தெரியாது. “இன்னும் ரண்டு வெச்சுக்கோ கண்ணு” என்று நெய்யை ஊற்றிக்கொண்டே, அம்மா மருமகளிடம் ஏதோ கன்னடத்தில் சொன்னார். இருவரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். என்ன சொன்னார் என்று இன்றுவரை தெரியாது.

ராத்திரி பதினோரு மணிக்கு மேற்கே பட்டாசுச் சத்தம் கேட்டது. யார் வீட்டு விசேஷம் என்று கேட்டேன். “விசேஷமா! ஆனை எறங்கிருச்சு” என்றார் நண்பர். மலையடிவாரத்து வாழைத் தோட்டங்களுக்கு யானை வருவது இங்கே செய்தியே இல்லை. அகழி வெட்டியிருக்கிறார்கள், சூரிய மின்வேலி போட்டிருக்கிறார்கள். யானை அதையெல்லாம் படித்துவிட்டு வருகிறது. குலை தள்ளிய நேந்திரன் தோட்டம் ஒரே ராத்திரியில் போய்விடும். பவானிக்கரையில், இங்கிருந்து கொஞ்சம் வடக்கே தேக்கம்பட்டியில், 2012 முதல் சில ஆண்டுகள் கோயில் யானைகளுக்கு அரசு புத்துணர்வு முகாம் நடத்தியது. சாமி யானைக்குக் கரும்பும் கவனிப்பும், காட்டு யானைக்குப் பட்டாசு. பக்கத்துப் பக்கத்தில் இரண்டையும் பார்த்த ஊர் இது. யாரையும் குற்றம் சொல்ல முடியவில்லை. குலையை இழந்தவனுக்குக் கடன் இருக்கிறது, யானைக்குப் பசி இருக்கிறது.

மறுநாள் சனிக்கிழமை. வாடகைக் கார் ஒன்றைப் பிடித்து வெள்ளியங்காடு வழியாக மேற்கே கிளம்பினோம். ஊட்டிக்கு எல்லோரும் அறிந்த பாதை மேட்டுப்பாளையம், குன்னூர். அதற்குப் பெரிய சரித்திரம் உண்டு. 1819-இல் கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் நீலகிரிக்கு ஏறிப்போன பிறகுதான் வெள்ளைக்காரர்களுக்கு அங்கே ஒரு குளிர்பிரதேசம் இருப்பது உறைத்தது. 1873-இல் போத்தனூரிலிருந்து மேட்டுப்பாளையம் வரை ரயில் வந்தது. 1899-இல் அது பல்சக்கரம் மாட்டிக்கொண்டு குன்னூருக்கும், 1908-இல் உதகைக்கும் ஏறியது. 2005-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னம் ஆனது. அந்த ரயில் சரித்திரத்தில் காரமடை வழியில் ஒரு ஸ்டேஷன் மட்டுமே.

ஆனால் மலைக்குப் போகக் காரமடையிலிருந்தே தனியாக ஒரு பாதை இருக்கிறது. வெள்ளியங்காடு, முள்ளி, கெத்தை, மஞ்சூர் என்று அது ஏறுகிறது. 43 கொண்டை ஊசி வளைவுகள். கடைகளோ விளம்பரப் பலகைகளோ இல்லாத காடு. நாங்கள் அவ்வளவு தூரம் ஏறவில்லை. காட்டு வழியில் பில்லூர் அணையை நோக்கித் திரும்பினோம்.

பில்லூர் அணை 1960-களில் குந்தா நீர்மின் திட்டத்தின் ஒரு பகுதியாகப் பவானியின் குறுக்கே கட்டப்பட்டது. பவானி நீலகிரியில் பிறந்து, கேரளத்தின் அட்டப்பாடிக்குள் புகுந்து, முள்ளிக்கருகே மறுபடி தமிழ்நாட்டுக்குத் திரும்பி வருகிற ஆறு. அது திரும்பி வந்ததும் முதலில் தங்குகிற இடம் பில்லூர். அணையின் முழு நீர்மட்டம் 100 அடி. நீர்மட்டம் 97 அடியைத் தொட்டால் மேட்டுப்பாளையத்துக் கரையோர மக்களுக்கு வெள்ள எச்சரிக்கை போகும். இங்கிருந்து எடுக்கும் தண்ணீர் வெள்ளியங்காட்டில் சுத்திகரிக்கப்பட்டுக் கோவைக்குப் போகிறது. மலையிலிருந்து மண் வந்து படிந்து, அணையின் கொள்ளளவு வருஷா வருஷம் குறைந்துகொண்டிருக்கிறது.

அணையின் நீர்ப்பரப்பை ஒட்டியிருக்கும் பரளிக்காட்டில், வார இறுதிகளில், முன்பதிவு செய்தவர்களை வனத்துறை பரிசலில் அழைத்துப் போகிறது. காரமடை வனச்சரகத்தின் சூழல் சுற்றுலா. நடத்துவது வனத்துறை என்றாலும், பரிசல் தள்ளுவதும் சமைப்பதும் சுற்றுவட்டார இருளர் மக்கள். போனதும் சுக்குக் காபி கொடுத்தார்கள். பரிசலுக்கு நான்கைந்து பேர், ஆளுக்கொரு மிதவைச் சட்டை. கோவையிலிருந்து வந்த கல்லூரிப் பையன்கள் முதல் ஐந்து நிமிஷம் கத்தினார்கள். அப்புறம் அவர்களும் அடங்கிப்போனார்கள். மூன்று பக்கமும் மலை சூழ்ந்த தண்ணீரில் சத்தம் போட்டால் நம் சத்தமே நமக்குத் திரும்பி வந்து கூச்சமாக இருக்கிறது.

பரிசல் ஓட்டிய இருளர் பெரியவர் அதிகம் பேசவில்லை. “இந்தத் தண்ணி எங்கெங்கே போகுதுங்கய்யா?” என்று கேட்டேன். துடுப்பை நிறுத்தாமல், “கோயமுத்தூருக்குத்தான். நீங்க குடிக்கறதுதான்” என்றார். மதியம் பெண்கள் பரிமாறிய களியும் கோழிக்குழம்பும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதுதான் அந்தப் பதில் எனக்குள் இறங்கியது. நான் பீளமேட்டில் குடியிருக்கிறேன். கோவையின் கிழக்குப் பகுதிகளுக்கு வருவது பில்லூர்த் தண்ணீர்தான்.

சாப்பாட்டுக்குப் பின் அத்திக்கடவு ஆற்றுக்கு அழைத்துப் போனார்கள். அத்திக்கடவு! கொங்கு நாட்டில் பேப்பர் படிக்கிற எவருக்கும் இந்தப் பெயரைக் கேட்டால் ஒரு பெருமூச்சு வரும். அத்திக்கடவு–அவினாசித் திட்டம் என்று அறுபது வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தோம். பவானியின் உபரி நீரை இங்கிருந்து அன்னூர், அவினாசிப் பக்கத்து வறண்ட குளங்களுக்குத் திருப்ப வேண்டும் என்பது காமராஜர் காலத்துப் பேச்சு. எத்தனை தேர்தல் அறிக்கைகளில் வந்தது, எத்தனை உண்ணாவிரதங்கள் நடந்தன என்பதற்குக் கணக்கே இல்லை. கடைசியில் 2019-இல் வேலை தொடங்கி, 2024 ஆகஸ்ட் 17-இல் திட்டம் திறக்கப்பட்டது. செலவு 1,900 கோடி ரூபாய்க்கு மேல். கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களில் 1,045 குளங்கள். ஆண்டுக்கு 1.5 டி.எம்.சி. உபரி நீர்.

ஆனால் அந்தத் தண்ணீர் அத்திக்கடவிலிருந்து போகவில்லை. ஆறு இங்கிருந்து மேட்டுப்பாளையம், சிறுமுகை, பவானிசாகர் எல்லாம் தாண்டி, பவானி ஊருக்கருகே காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே போன பிறகுதான் தண்ணீர் எடுக்கப்படுகிறது. 13-ஆம் நூற்றாண்டில் காலிங்கராயன் கட்டிய அணைக்கட்டு அது. அங்கிருந்து ஆறு நீரேற்று நிலையங்கள் வழியாக, 100 கிலோமீட்டருக்கும் மேல் நீளும் குழாயில், அன்னூர் வரை மேட்டுக்கு ஏற்றுகிறார்கள். மலையிலிருந்து சும்மா இறங்கி வந்த தண்ணீரைக் கடைசி வரை போகவிட்டு, மின்சாரம் செலவழித்துத் திரும்ப ஏற்றுகிறோம். மேலே திருப்பினால் அணையும் பாசனமும் பாதிக்கும் என்பது பொறியாளர்களின் நியாயம். எல்லோரும் உரிமை கொண்டாடியது போக மிஞ்சியதைத்தானே எடுக்க முடியும்? அதை நான் மறுக்கவில்லை. அத்திக்கடவு தன் பெயரை மட்டும் கொடுத்துவிட்டுப் பேசாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. முழங்கால் தண்ணீரில் நின்றேன், பனிக்கட்டி மாதிரி இருந்தது.

மாலையில் காரமடைக்குத் திரும்பினோம். பேரூராட்சியாக இருந்த ஊர் 2021-இல் நகராட்சி ஆகிவிட்டது. மெயின் ரோட்டில் ஊட்டியிலிருந்து இறங்கும் கார்கள் விடாமல் போய்க்கொண்டிருந்தன. கோயில் வாசலில் ஒரு நிமிஷம் நின்றேன். மலை இந்த ஊருக்குப் பெண் கொடுத்திருக்கிறது, தண்ணீர் கொடுத்திருக்கிறது, பாஷை கொடுத்திருக்கிறது, அவ்வப்போது யானையையும் அனுப்புகிறது. பெண் எடுத்த வீட்டுக்குச் சில மரியாதைகள் உண்டு. கொங்கில் அதைச் சரியாகச் செய்யாத சம்பந்திகளை ஊர் சும்மா விடாது. பெட்டத்தம்மனை வருஷத்துக்கு ஒருமுறை முறைப்படி போய் அழைத்து வருகிற காரமடைக்கு அது தெரிந்திருக்கிறது. தண்ணீரைக் குழாயில் மட்டும் பார்க்கிற என் போன்ற கோவைக்காரர்களுக்குத்தான் தெரியவில்லை. மலையில் காடு நின்றால்தான் அணையில் மண் சேராது. பரளிக்காட்டுக்குப் போகிறவர்கள் கொண்டுபோகும் பிளாஸ்டிக் பாட்டிலைத் திரும்பக் கொண்டுவந்தாலே பாதி சீர் செய்த மாதிரி.

கோவைக்காரனுக்குச் சிறுவாணி என்றால் பெருமை. உலகத்தின் இரண்டாவது சுவையான தண்ணீர் என்று வெளியூர்க்காரர்களிடம் அளந்துவிடுவோம். நானும் அளந்திருக்கிறேன், பில்லூர்த் தண்ணீரைக் குடித்துக்கொண்டே. ஒருநாளாவது பில்லூர் என்ற பெயரை வாயால் சொன்னதில்லை. இனிமேல் சொல்லுவேன்.

ரயிலில் கேட்ட அந்தச் சென்னைக்காரருக்கு இப்போது பதில் தெரியும். ஆனால் நீளமான பதில். மாசி மகத்தை ஒட்டிப் போனால், தோல்பை நிறையத் தண்ணீரோடு வரும் தாசர்கள் ஒரு நொடியில் சொல்லிவிடுவார்கள். கோவையிலிருந்து காரமடைக்கு மெமு ரயிலில் டிக்கெட் பத்து ரூபாய்.